தடித்த புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள்

புத்தகக் காட்சியில் கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' நாவலின் ஐந்து பாகங்களையும் வாங்கி, ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ படிக்கும் பிள்ளையிடம் "இந்த லீவுல முடிச்சிடணும்" என்று கொடுக்கிற வீடுகள் நிறைய. பெரும்பாலும் முதல் பாகத்தில் பத்து இருபது பக்கத்தோடு அது நின்றுபோகும். புத்தகம் ஷோகேஸுக்குப் போகும். 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை' என்ற தீர்ப்பு பிள்ளை தலையில் விழும்.

அந்தத் தீர்ப்பு நியாயமானதல்ல. அந்தப் பக்கங்களில் பிள்ளை ஒரே நேரத்தில் நான்கு வேலை செய்கிறது. எழுத்துக் கூட்ட வேண்டும், சேர்ந்து கிடக்கும் சொற்களைப் பிரிக்க வேண்டும், பழகாத சொல்லுக்குப் பொருள் ஊகிக்க வேண்டும், பார்த்தே இராத ஓர் உலகத்தை மனத்தில் கட்ட வேண்டும். நான்கையும் தனியாகச் செய் என்றால் பெரியவர்களே மூடி வைத்துவிடுவார்கள். கடினமான புத்தகத்தைக் குழந்தையிடம் கொடுக்கக் கூடாது, குழந்தையோடு சேர்ந்து வாசிக்க வேண்டும். சத்தமாக, ஓரளவு வேகமாக, நடுவில் அதிகம் நிற்காமல். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்கு இந்த நாவலையே எடுத்துக்கொள்கிறேன். தமிழ் வீடுகளில் அதிகம் வாங்கப்பட்டு அதிகம் பாதியில் நிற்கும் புத்தகம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இதைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. 1950-ல் கல்கி வார இதழில் தொடராகத் தொடங்கிய கதை இது. வாசகரை அடுத்த வாரம் வரை பிடித்து வைக்க வேண்டிய கட்டாயத்தில் எழுதியதால் அத்தியாயங்கள் சிறியவை, முடியும் இடத்தில் ஒரு கேள்வி தொங்கும். சத்தமாக வாசித்தால் ஓர் அத்தியாயம் சுமார் 20 நிமிடம், சில அத்தியாயங்கள் அரை மணி. ஒரு வீட்டின் இரவு நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான அளவு கிடைக்காது.

முதலில், எங்கே தடுக்குகிறது என்று பாருங்கள்

முதல் அத்தியாயத்தில் ஒரு பக்கத்தைப் பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். திருத்தாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் இன்னொரு பிரதியில், தடுக்கும் இடங்களில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள்.

தெரிந்த சொல்லையே எழுத்துக் கூட்டிப் படிக்கிறதா? அப்படியானால் பிரச்சினை வேகம். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளிடம் இது சகஜம். ஆங்கிலத்தில் 400 பக்க நாவலை இரண்டு நாளில் முடிக்கிற பிள்ளை தமிழில் ஒரு பத்திக்கு மூச்சு வாங்கும். அது அறிவுக் குறைவல்ல, கண்ணுக்குப் பழக்கம் போதவில்லை. இந்தப் பிள்ளை முதல் ஒரு மாதமாவது வெறுமனே கேட்கட்டும், புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கட்டும்.

சரளமாகப் போகிறது, ஆனால் நீளமான சொற்களில் மட்டும் குரல் தப்பான இடத்தில் உடைகிறதா? அது புணர்ச்சி, அதாவது சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி எழுத்து மாறி நிற்பது. 'வந்தானென்றறிந்ததும்' என்று அச்சாகியிருந்தால் பிள்ளை 'வந்தானென்ற / றிந்ததும்' என்று படித்துவிட்டு விழிக்கும். 'வந்தான் | என்று | அறிந்ததும்' என்று பென்சிலால் இரண்டு கோடு போட்டுக் காட்டினால் அடுத்த நொடி புரியும். ஏனென்றால் மூன்று சொல்லும் அதற்குத் தெரிந்தவைதான். முதல் சில அத்தியாயங்களில் இப்படிப்பட்ட சொற்களை நீங்கள் முன்கூட்டியே பார்த்துக் கோடு போட்டு வையுங்கள். அத்தியாயத்துக்குப் பத்து இடம் போட்டாலே போதும். கொஞ்ச நாளில் பிள்ளையின் கண்ணே பிரிக்கத் தொடங்கிவிடும்.

மூன்றாவது வகைதான் ஏமாற்றும். தடுமாற்றமே இல்லாமல் அழகாகப் படிக்கும். "இப்ப யார் யார்கிட்ட பேசுறாங்க?" என்று கேட்டால் பதில் வராது. வாய் படிக்கிறது, மனத்தில் படம் ஓடவில்லை. இதற்கு மருந்து மேலும் வாசிக்க வைப்பது அல்ல, வாசிப்பதற்கு முன்னால் அந்த உலகத்தைக் கொஞ்சம் அறிமுகப்படுத்துவது.

பின்புலம் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1988-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு நல்ல சான்று. 7, 8-ஆம் வகுப்பு மாணவர்கள் 64 பேருக்கு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள், ஆனால் பேஸ்பால் நன்றாகத் தெரிந்தவர்கள், வாசிப்பில் கெட்டிக்காரர்களான, ஆனால் பேஸ்பால் தெரியாத மாணவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். 'வாசிப்புத் திறன்' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பாதி அந்த விஷயத்தைப் பற்றி ஏற்கெனவே தெரிந்ததுதான்.

ஓர் அட்டை, ஒரு வரைபடம்

சோழ நாட்டைப் பற்றி முழு வகுப்பு எடுக்க வேண்டாம். புத்தகத்துக்குள் வைக்கிற அளவில் ஓர் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் வம்சம்: பராந்தகச் சோழருக்கு ராஜாதித்தர், கண்டராதித்தர், அரிஞ்சயர் என்று மகன்கள். ராஜாதித்தர் தக்கோலப் போரில் இறந்துபோனார். கண்டராதித்தர் – செம்பியன் மாதேவி மகன் மதுராந்தகன். அரிஞ்சயர் மகன் சுந்தர சோழர். சுந்தர சோழரின் பிள்ளைகள் ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழிவர்மன். அவ்வளவுதான்.

இதைச் சொல்லிக் கொடுக்கும்போது மன்னர் வரிசையாகச் சொல்லாமல் உறவாகச் சொல்லுங்கள். "இப்ப ராஜா சுந்தர சோழர், படுத்த படுக்கையா இருக்கார். அடுத்த பட்டம் அவர் பையனுக்கா, இல்ல அவரோட பெரியப்பா பையனுக்கா?" இந்த ஒரு கேள்வி புரிந்தால் கதையின் முதுகெலும்பு கையில் கிடைத்துவிடும். நம் வீடுகளில் பெரியப்பா, சித்தப்பா சொத்துப் பேச்சைக் காதில் வாங்காத பிள்ளை இல்லை.

அட்டையின் மறுபக்கம் காலியாக இருக்கட்டும். அது பிள்ளை எழுதுவதற்கு. புதிதாக ஒருவர் வரும்போது பெயரும், யார் பக்கம் என்று ஒரு சொல்லும் போதும். இதில் குழப்பம் எங்கே வரும் என்பது முன்கூட்டியே தெரிந்ததுதான்: ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பெயர். குந்தவையே இளைய பிராட்டி. ஆழ்வார்க்கடியானே திருமலை. அருள்மொழிவர்மனே பொன்னியின் செல்வன். பழுவேட்டரையரோ இரண்டு பேர்: பெரியவர் தனாதிகாரி (நாட்டின் நிதிப் பொறுப்பாளர்), சின்னவர் தஞ்சைக் கோட்டைத் தளபதி. இந்த இரண்டு பேரையும் ஒருவராக நினைத்துக்கொண்டு ஐம்பது பக்கம் போய்விடும் பிள்ளைகள் உண்டு, பெரியவர்களும் உண்டு. ஆகவே இந்த இணைகளை மட்டும் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வரைபடத்துக்குக் கைப்பேசி போதும். வீராணம் ஏரியில் தொடங்குங்கள். கதை தொடங்குகிற வீரநாராயண ஏரி அதுதான். கடலூர் மாவட்டத்தில் இன்றும் இருக்கிறது, சென்னைக்குக் குடிநீர் தருகிறது. அங்கிருந்து கடம்பூர், குடந்தை (கும்பகோணம்), தஞ்சை, பழையாறை, கோடிக்கரை என்று ஒரு காகிதத்தில் புள்ளி வைத்து, கதை நாயகன் வந்தியத்தேவனின் குதிரை போகப் போகப் பிள்ளை கோடு இழுக்கட்டும். அவனிடம் இரண்டு ஓலைகள் இருக்கின்றன, ஒன்று சுந்தர சோழருக்கு, ஒன்று குந்தவைக்கு, இரண்டையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இதுவும் முன்னமே தெரிந்திருந்தால் பயணத்துக்கு ஒரு நோக்கம் கிடைக்கும். இதற்கு மேல் ஒன்றும் சொல்லாதீர்கள். கதையில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று வாய் தவறிக்கூடச் சொல்ல வேண்டாம்.

முதல் வாரம்

பிரதி வாங்குவதிலேயே ஒரு எச்சரிக்கை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானதால் பல பதிப்பகங்கள் இந்த நாவலைப் போட்டிருக்கின்றன. ஐந்து பாகத்தையும் ஒரே கட்டாக நெருக்கி, பொடி எழுத்தில் மலிவாகப் போட்டதை வாங்காதீர்கள். பொடி எழுத்தும் நெருங்கிய வரிகளும் வேகம் குறைந்த பிள்ளையை முதல் நாளே விரட்டிவிடும். தனித்தனிப் பாகமாக, பெரிய எழுத்தில் உள்ள பதிப்பைப் பாருங்கள். தொடருக்கு மணியம் வரைந்த படங்கள் சேர்ந்த பதிப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு பக்கத்தைக் கடையிலேயே படித்துப் பாருங்கள். எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் வைத்துவிடுங்கள். முதலில் முதல் பாகம் மட்டும் போதும். ஆனால் அதை இரண்டு பிரதி வாங்குங்கள், அல்லது ஒன்றை நூலகத்தில் எடுங்கள். நீங்கள் படிக்கும் வரி பிள்ளையின் கண் முன்னால் இருக்க வேண்டும். ஒரே பதிப்பாக இருந்தால்தான் பக்க எண் ஒத்துப்போகும்.

முதல் அத்தியாயத்தை முழுக்க நீங்கள் வாசியுங்கள். தொடக்கத்திலேயே 982 ஆண்டுகள் பின்னால் போகச் சொல்கிறார் ஆசிரியர். "1950-ல எழுதினது, கழிச்சுப் பாரு" என்று சொன்னால் 968 என்று பிள்ளையே சொல்லும். ஏரி வர்ணனை நீளம்தான். அதை மெதுவாக இழுக்காமல், பயணத்தில் ஜன்னல் வழியாக ஊர் காட்டுகிற குரலில் வாசித்துக் கடந்துவிடுங்கள்.

இரண்டாம் அத்தியாயம்தான் பெரும்பாலான பிள்ளைகள் புத்தகத்தை மூடும் இடம். ஆழ்வார்க்கடியான் என்கிற வைணவரும், ஒரு சைவரும், ஓர் அத்வைதியும் வாதம் செய்கிறார்கள். சைவம், வைணவம், அத்வைதம் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைக்கு அந்தச் சண்டையில் எதுவும் விளங்காது. "ஒருத்தர் சிவன்தான் பெரியவர்ங்கிறார், ஒருத்தர் பெருமாள்தான்ங்கிறார், மூணாவது ஆள் ரெண்டும் ஒண்ணுதான்ங்கிறார்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, வாதத்தை நாடகம் மாதிரி மூன்று குரலில் வாசித்துப் பாருங்கள். அலுப்புத் தெரிந்தால் பாதியைத் தாண்டிவிடுங்கள். தாண்டுவது பாவமல்ல. தேர்ந்த வாசகர்கள் எல்லோரும் தாண்டித் தாண்டித்தான் படிக்கிறார்கள். அதைக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்காமல் மறைத்து வைப்பதுதான் தப்பு.

உங்கள் குறிக்கோள் ஆறாவது அத்தியாயம், 'நடுநிசிக் கூட்டம்'. கடம்பூர் மாளிகை, குரவைக் கூத்து எல்லாம் கடந்து, எல்லோரும் தூங்கிய பின் நடக்கும் அந்த இரகசியக் கூட்டத்தை வந்தியத்தேவன் ஒளிந்து பார்க்கிற இடம் வரை நீங்கள்தான் இழுத்துப் போக வேண்டும். ஒரு வாரத்துக்குள் போய்விடுங்கள். மூன்று வாரம் எடுத்துக்கொண்டால் முதல் அத்தியாயம் மறந்துபோய், கதை சூடு பிடிக்காமலே ஆறிவிடும்.

வேகம் ஏன் முக்கியம் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்டது. 20 ஆங்கில ஆசிரியர்கள், 12, 13 வயது மாணவர்களுக்கு, 12 வாரத்தில் இரண்டு கடினமான நாவல்களை வகுப்பில் சத்தமாக, வழக்கத்தைவிட வேகமாக, முழுசாக வாசித்தார்கள். பத்திக்குப் பத்தி நிறுத்திக் குறிப்பெடுக்கும் வழக்கத்தை விட்டுவிட்டார்கள். தர அளவீட்டுத் தேர்வில் மாணவர்களின் புரிதல் சராசரியாக எட்டரை மாத அளவு முன்னேறியது. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் 16 மாத அளவு முன்னேறினார்கள். எந்தப் பிள்ளைகளுக்கு நாம் 'இது உனக்கு வேண்டாம், சின்னதாப் படி' என்று சொல்கிறோமோ அவர்களுக்குத்தான் அதிகப் பலன்!

சொற்களை என்ன செய்வது

தெரியாத சொல் வந்தால் அகராதியைப் பார் என்பது நல்ல எண்ணத்தில் சொல்லப்படும் கெட்ட யோசனை. அகராதியிலிருந்து திரும்பி வருவதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்திருக்கும். அதுவும் தமிழில் இன்னொரு சிக்கல்: அச்சில் 'எய்தினான்' என்று இருக்கும், அகராதியில் 'எய்து' என்று தேட வேண்டும். பன்னிரண்டு வயதில் வேர்ச்சொல் பிரித்துத் தேடுவது தனி வேலை.

வாசிக்கும்போதே பொருளை உள்ளே செருகிவிடுங்கள். 'புரவி' என்று வந்தால், குரல் மாறாமல் "புரவி, குதிரை" என்று சொல்லிவிட்டு மேலே போங்கள். இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்காது. ஊகிக்கக்கூடிய சொல்லை அப்படியே விட்டுவிடுங்கள். அத்தியாயம் முடிந்ததும் "எந்தச் சொல் புடிச்சிருந்தது?" என்று கேட்டு, அதிகபட்சம் மூன்றை மட்டும் தேடுங்கள். முதலில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. அதில் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருப்பதால் பிள்ளைக்கு உகந்தது. பழஞ்சொல்லாக இருந்து அதில் கிடைக்காவிட்டால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. அது இணையத்திலேயே இருக்கிறது.

உச்சரிப்பு விஷயத்தில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். ழகரத்தை ளகரமாகச் சொல்லும் பிள்ளையை வரிக்கு வரி நிறுத்தினால், அது பொருளைக் கவனிப்பதை விட்டுவிட்டு நாக்கைக் கவனிக்கத் தொடங்கும். அடுத்த முறை அந்தச் சொல்லை நீங்கள் வாசிக்கும்போது அழுத்தமாகச் சொல்லுங்கள், போதும்.

கைமாற்றுவது

முதல் பத்துப் பன்னிரண்டு அத்தியாயம் நீங்களே வாசித்த பிறகு, ஒரு பாத்திரத்தின் வசனத்தை மட்டும் பிள்ளையிடம் கொடுங்கள். வந்தியத்தேவன் நல்ல தொடக்கம், பேச்சில் துடுக்கு அதிகம். உரையாடலில் வாக்கியங்கள் குட்டை, பேச்சு நடைக்குப் பக்கம். அதனால் வர்ணனையைவிட எளிது. மேற்கோள் குறி எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டே வர வேண்டியிருப்பதால், நீங்கள் வாசிக்கும் வரிகளையும் கண் தொடரும். இதுதான் உண்மையான பயிற்சி. பிள்ளைக்கு அது விளையாட்டாகத்தான் தெரியும்.

இன்னும் சில வாரம் கழித்துப் பக்கத்துக்குப் பக்கம் மாறி மாறி. அதற்குப் பிறகு, அத்தியாயம் முடிகிற இடத்தில் நிறுத்தாமல், பரபரப்பு உச்சத்தில் இருக்கும் நடு அத்தியாயத்தில் நிறுத்துங்கள். "அம்மா, இன்னும் ஒரு பக்கம்!" என்றால், "எனக்குத் தூக்கம் வருதுடா கண்ணா, நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லி, புத்தகத்தை அலமாரிக்குள் வைக்காமல் கட்டிலிலேயே விட்டுவிட்டு எழுந்துவிடுங்கள். விளக்கை அணைக்கச் சொல்லாதீர்கள். ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள், மறுநாள் காலையில் பிள்ளை உங்களைவிட நாலு அத்தியாயம் முன்னால் இருக்கும். அப்போது கோபிக்கக் கூடாது. "நான் விட்ட இடத்துலேருந்து என்ன ஆச்சு, சொல்லு" என்று கேட்டு உட்காருங்கள். கதையைத் திரும்பச் சொல்வதைவிட நல்ல தேர்வு கிடையாது.

தேர்வு என்றதும் சொல்ல வேண்டியது: "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். "புரிஞ்சுது" என்பதுதான் எப்போதும் பதில். "இப்ப வந்தியத்தேவனுக்குத் தெரிஞ்சது என்ன, நமக்கு மட்டும் தெரிஞ்சது என்ன?" "இவர் பொய் சொல்றாரா?" "நீயா இருந்தா ஓலையை எங்க ஒளிச்சு வைப்பே?" இப்படிக் கேட்டால் பேச்சு நீளும். பிள்ளையின் ஊகம் தப்பாக இருந்தால் திருத்தாமல் அட்டையில் தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்த ஊகத்தைச் சரிபார்க்கவே அடுத்த நூறு பக்கம் ஓடும்.

வாசிப்பைக் கெடுக்கும் காரியங்களும் இதில் நடந்துவிடும். விளையாட்டு நேரத்தைப் பிடுங்கி வாசிப்புக்குக் கொடுப்பது ஒன்று. பாகத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று பந்தயம் கட்டுவது இன்னொன்று. பணம் நின்ற அன்று வாசிப்பும் நிற்கும். 'அக்கா உன் வயசுல முடிச்சிட்டா' என்பது எல்லாவற்றையும்விட மோசம். சுருக்கப் பதிப்பைப் பற்றிப் பலர் கேட்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கதை முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்துக் காட்டிவிட்டு நடையை எடுத்துவிட்டால், பிறகு மூலத்துக்கு வர என்ன காரணம் மிஞ்சும்? 2022, 2023-ல் வந்த படங்களைப் பார்த்த பிள்ளை என்றால் கவலைப்பட வேண்டாம். பெயர்களுக்கு முகம் ஏற்கெனவே இருக்கும், அது உதவிதான். 'படத்துல இது இல்லையே' என்று பிள்ளையே கண்டுபிடிக்கத் தொடங்கும்.

வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் இல்லை, அல்லது நேரமே இல்லை என்றால் ஒலிப்புத்தகத்தை ஓடவிட்டுப் புத்தகத்தில் விரல் வைத்துத் தொடரலாம். ஆனால் முதல் ஆறு அத்தியாயத்துக்காவது பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். தாத்தா பாட்டி இருக்கிற வீட்டில் இந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள்.

எல்லாம் செய்தும் ஆறாவது அத்தியாயம் தாண்டி 'அடுத்து என்ன' என்ற கேள்வி வரவில்லையா? நிறுத்திவிடுங்கள். திட்டாமல், பெருமூச்சு விடாமல், கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ போகட்டும். எல்லாப் பிள்ளைக்கும் அரண்மனைக் கதை பிடிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. மொழிபெயர்ப்பு ருஷ்ய நாவலுக்கும் இதே முறை பொருந்தும், அங்கேயும் ஒரு ஆளுக்கு மூன்று பெயர், அங்கேயும் அட்டை தேவை. அறிவியல் புத்தகம் என்றால் மட்டும் முறை மாறும்: அங்கே வேகம் வேண்டாம், ஒரு பத்தியை இரண்டு தடவை வாசித்து, அது சொல்வதைப் படமாக வரையச் சொல்ல வேண்டும்.

முதல் பாகத்தில் 57 அத்தியாயங்கள். வாரத்துக்கு ஐந்து என்றால் மூன்று மாதத்துக்குள் முடியும். இரண்டாம் பாகத்தில் கதை கடல் கடந்து ஈழத்துக்குப் போகிறது. பழைய வரைபடம் பற்றாது, கோடிக்கரையிலிருந்து தெற்கே புதுக் காகிதம் ஒட்ட வேண்டும். ஐந்தாம் பாகம்தான் பெரியது, 91 அத்தியாயங்கள். அங்கே ஆசிரியர் பல கிளைகளை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வருவதால் வேகம் குறையும். அந்த இடத்தில் பிள்ளை தனியாகத் திணறுவதாகத் தெரிந்தால் மறுபடி நீங்கள் சத்தமாக வாசிக்கத் தொடங்குங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கடைசி அத்தியாயத்துக்குப் பின்னால் ஆசிரியரின் முடிவுரை ஒன்று இருக்கிறது. தொடர் முடிந்தபோது, இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு அதில் பதில் சொல்கிறார். பிள்ளை அந்தப் பக்கத்தைத் திருப்புவதற்கு முன்னால் ஒரு தாளைக் கொடுத்து, அதற்கு இன்னும் விடை கிடைக்காத கேள்விகளை எல்லாம் எழுதச் சொல்லுங்கள். பிறகு இருவருமாக முடிவுரையை வாசித்து, எந்தெந்தக் கேள்வி அந்த நாளைய வாசகர்களும் கேட்டது என்று டிக் போடுங்கள். விடை கிடைக்காமல் மிஞ்சும் கேள்விகளில் வரலாறு சம்பந்தப்பட்டது ஏதாவது நிச்சயம் இருக்கும். அதற்கு உடையார்குடிக் கல்வெட்டிலிருந்து தொடங்கலாம். ஆதித்த கரிகாலன் கொலையில் துரோகிகள் என்று சிலரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும், ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு அது. உடையார்குடி இருப்பது காட்டுமன்னார்கோவிலில், வீராணம் ஏரிக்குப் பக்கத்திலேயே.